கண்ட்ரோல் ஔ

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் போதகர் ஒருவர் போன் போட்டால், ஆண்டவர் யாரையோ அழைத்துக்கொண்டார் என்று பொருள். அந்தப் பயத்தோடுதான் எடுத்தேன்.

"அண்ணே, சி... போயிருச்சுண்ணே."

எங்கள் வரிசையில் மழை பிடித்தால் முதலில் போவது லைன்தான். 'சித்தி' என்று என் காதில் விழுந்தது. "அடடா, எந்தச் சித்தி? எப்போ எடுக்கிறாங்க?" என்றேன். மனைவி டிவி சத்தத்தைக் குறைத்து, முகத்தையும் அதற்கேற்றபடி வைத்துக்கொண்டாள்.

"சித்தி இல்லண்ணே, சி. ஏ பி சி, அந்த சி. கீபோர்டுல அது மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது."

மனைவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

பாஸ்டர் எங்கள் தாமானில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். நான் கோயில் கமிட்டி, அவர் சபை ஊழியம். ஆனாலும் கம்ப்யூட்டர் சங்கதி என்றால் தாமான் முழுக்க என் வீட்டு கேட்டைத்தான் தட்டும். எல்லாம் ஒரு தப்பான எண்ணத்தால் வந்தது. நான் முப்பத்தொரு வருடம் பிறை பக்கம் ஒரு சில்லு ஆலையில் வேலை பார்த்தவன். 1972இல் இன்டெல் தீவில் ஆலை திறந்ததிலிருந்து பினாங்கில் எத்தனையோ வீட்டில் சில்லுதான் சோறு. ஆனால் என் பிரிவுக்குப் பெயர் பேக்கேஜிங். வேறெங்கோ செய்து வரும் சிலிக்கான் தகட்டை அறுத்து, துண்டுகளுக்கு மெல்லிய கம்பி இணைத்து, கால் வைத்து, கறுப்பு உறைக்குள் அடைத்து அனுப்புவோம். பலகாரம் சுடுகிற ஆள் வேறு. நாங்கள் பொட்டலம் கட்டுகிறவர்கள். பொட்டலம் கட்டுகிறவனைப் பிடித்து ஜாங்கிரி ஏன் புளிக்கிறது என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருட மரியாதை விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவுதான் கண்ணுக்குத் தெரியும்: ஜார்ஜ்டவுன், தண்ணீர்மலைக் கோயில், தைப்பூசம், நாசி கண்டார். எங்களுக்கும் அந்தச் சிறப்புகளுக்கும் நடுவில் கடலும், அதன்மேல் 1985இல் திறந்த பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலமும் இருக்கின்றன. நாங்கள் பெருநிலத்துப் பினாங்குக்காரர்கள். எங்கள் ஊர் ஜுரு. மற்றவர்களுக்கு அது ஊரே அல்ல, ஒரு டோல். தீபாவளிக்குத் தெற்கிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் போனில் "ஜுரு வந்தாச்சு" என்றால், கார் நகரவில்லை, சோற்றை இப்போதே வடிக்க வேண்டாம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

பாஸ்டர் வீட்டு மேசையில் இரண்டு விசைப்பலகைகள் கிடந்தன. ஒன்று பழையது, தலைகீழாக. இன்னொன்று அன்று மாலைதான் புக்கிட் மெர்தாஜாமில் வாங்கியது, 35 வெள்ளி. கடைக்காரரிடம் "சி வேலை செய்யவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அவரும் நியாயமாக, சி வேலை செய்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதிலும் சி செத்துக் கிடக்கிறது. இனி இது பொருள் கோளாறு இல்லை, ஆவி சம்பந்தப்பட்டது என்ற முடிவுக்கு அவர் ஏறக்குறைய வந்திருந்தார். அந்தத் துறையில் என்னைவிட அவருக்குத்தான் அனுபவம் அதிகம் என்பதால் நான் குறுக்கே பேசவில்லை.

மறுநாள் பிரசங்கம் 119ஆம் சங்கீதம். வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம் அது, 176 வசனம். எபிரேய மூலத்தில் அது ஓர் எழுத்துக்கட்டு. எபிரேயத்தில் எழுத்து 22. ஒவ்வோர் எழுத்திலும் தொடங்க எட்டு எட்டு வசனம். 22ஐ எட்டால் பெருக்கினால் 176. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தைப் புரட்டினால் ஆலெப், பேத், கிமெல் என்று எபிரேய எழுத்துகளின் பெயர்கள் இடையிடையே தலைப்பாக நிற்கும். பாஸ்டர் ஓர் இறையியல் கல்லூரியில் அஞ்சல்வழியாக எபிரேயம் படிக்கிறார். அதனால் சபையாருக்குக் கொடுக்கும் தாளில் பெயரை மட்டும் போடாமல் எழுத்தையே அச்சடித்துக் காட்ட ஆசைப்பட்டார். அதற்காகத் தன் மடிக்கணினியில் எபிரேய விசைப்பலகையைச் சேர்த்தார். ஆங்கிலமும் தமிழும் முன்பே இருந்தன. மூன்றாவது வந்து சேர்ந்ததும் வீட்டில் சண்டை.

"எதுல வேலை செய்யலே பாஸ்டர்?"

"வேத ஆராய்ச்சிக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்குண்ணே. அதுல வசனத்தைத் தேர்வு பண்ணிட்டு கண்ட்ரோல் சி அழுத்துனா ஒண்ணும் வர மாட்டேங்குது. ஆனா கடிதம் அடிக்கிற சாஃப்ட்வேர்ல அதே கண்ட்ரோல் சி வேலை செய்யுது."

ஒரு விசை ஓரிடத்தில் பிழைத்து இன்னோரிடத்தில் சாகிறது என்றால், கோளாறு விசையில் இல்லை. இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமையடிக்க மாட்டேன். ஆலையில் இருபது வருடம் எங்கள் மேற்பார்வையாளர் இதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் எழுத்து அடிக்கிற பக்கம் ஒன்றைத் திறந்து, கண்ட்ரோலைத் தொடாமல் சியை மட்டும் தட்டினேன். திரையில் பெட்டி மாதிரி ஓர் எழுத்து விழுந்தது. அதன் அடிக்கோடு ஒரு பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பேத்!" என்றார் பாஸ்டர், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவர்போல.

"சி சாகலே பாஸ்டர். உயிர்த்தெழுந்துதான் இருக்கு. எபிரேயத்துல."

அவர் சிரித்தார். சிரிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

இதை அவருக்கு விளக்க நான் தாமானையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வரிசையில் பாதி வீடு வாடகைக்கு விட்டவை. ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். தபால்காரருக்கு 17ஆம் எண் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. 17க்கு வந்ததை 17இல் போடுவார். விசைப்பலகையும் அப்படியே. நாம் சியைத் தட்டும்போது அது கணினிக்கு 'சி' என்று சொல்லி அனுப்புவதில்லை. 'கீழ்வரிசையில் இன்ன இடத்தில் தட்டினார்கள்' என்று ஓர் இட எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த வீட்டில் இப்போது குடியிருப்பது யார் என்று பார்ப்பது உள்ளே இருக்கும் மொழி அமைப்பின் வேலை. ஆங்கிலம் இருந்தால் சி. எபிரேயம் இருந்தால் பேத். தமிழ்99 இருந்தால் ஒ.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், குறுக்குவிசைகளைக் கவனிக்கும் மென்பொருள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 'எந்த வீட்டுக் கதவு?' என்று மட்டும் கேட்கும். அதற்கு உள்ளே யார் இருந்தாலும் கவலையில்லை. கண்ட்ரோலோடு அந்தக் கதவைத் தட்டினால் நகல் எடுத்துவிடும். மற்றது, 'யார் வந்தது?' என்று கேட்கும். பேத் வந்து நின்றால், "எனக்கு பேத் என்று யாரையும் தெரியாது" என்று கதவைச் சாத்திவிடும். பாஸ்டரின் வேத மென்பொருள் இரண்டாவது ஜாதி. எபிரேயம் படிப்பதற்கென்றே செய்த பொருளுக்கு பேத்தைத் தெரியவில்லை என்பது கொஞ்சம் வேதனையான விஷயம். ஆனால் எங்கள் கமிட்டியிலும் அப்படிச் சிலர் உண்டு.

"நான் எபிரேயத்துக்கு மாத்தவே இல்லையேண்ணே. இங்கிலீஷ்லதான் வெச்சிருந்தேன்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன்! யாரும் எதையும் மாற்றவில்லை, எல்லாம் தானாக மாறியது. "திரும்ப ஒருக்கா வேலை செஞ்சு காட்டுங்க" என்றேன். அவர் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட்டையும் டேப்பையும் தட்டினார். ஒன்று தாண்டிப் போய்விட்டது. பின்னால் வர ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தார். பிடித்தவர், இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று மனம் மாறி விரலை எடுத்துவிட்டார். டேப்பைத் தட்டவில்லை. ஆல்ட், ஷிஃப்ட், விரலை எடு. அவ்வளவுதான். விண்டோஸில் அந்த இரண்டு விசைக்கும் இன்னொரு அர்த்தம் உண்டு: அடுத்த மொழிக்குப் போ. கடிகாரத்துக்குப் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் மொழியின் பெயர் மாறியது. அதை யார் பார்க்கிறார்கள்? நாம் அந்த மூலையைப் பார்ப்பது மணி பார்க்க மட்டும். அதுவும் பிரசங்கம் முடியாத சனிக்கிழமை இரவில் அதையும் பார்க்கப் பயம்.

இதில் பாஸ்டரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டுக் கதை இன்னும் மோசம்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்று, வகுத்தவன் யாரோ தொல்காப்பியத்தை மேசையில் வைத்துக்கொண்டு வகுத்திருக்கிறான். ம, ம, ஆ என்று தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானே விழுந்து ம்மா ஆகும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ன-வுக்குப் பின் ற என்று இன எழுத்துக்கும் அதே சலுகை. பணி ஓய்வுக்குப் பின் நாலு மாதம் உட்கார்ந்து விரலுக்கு ஏற்றினேன்.

மகள் அஞ்சல் கட்சி. ஆங்கில எழுத்திலேயே தமிழை ஒலித்துத் தட்டுவது. அதைப் பழிக்க எனக்கு மனசு வராது. அது நம் நாட்டுச் சரக்கு. நம்மவர் முத்து நெடுமாறன் 1985இல், அதாவது எங்கள் பாலம் திறந்த அதே வருடம், முரசு மென்பொருளைத் தொடங்கினார். பிறகு அது முரசு அஞ்சல் ஆயிற்று. இன்று ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே அஞ்சலும் தமிழ்99ம் பக்கத்துப் பக்கத்து வீடாக வருகின்றன. "நாலு மாசம் படிச்சு அடிக்கிறதுக்கு நான் என்ன வக்கீலுக்கா படிக்கிறேன்?" என்பது மகளின் கட்சிக் கொள்கை விளக்கம்.

இருவருக்கும் ஒரே கணினி. பழைய எழுதிமென்பொருள் ஒன்று அதில் இருந்தது. ஆல்ட்டோடு ஒன்றை அழுத்தினால் என் தமிழ்99, ஆல்ட்டோடு இரண்டை அழுத்தினால் அவளுடைய ஒலிமுறை. நல்ல ஏற்பாடு, ஒரு குறை தவிர. அந்த மென்பொருளை முதலில் திறந்துவைத்திருக்க வேண்டும். திறக்க மறந்தால் ஆல்ட் இரண்டு நேரே கடிதம் அடிக்கும் மென்பொருளுக்குப் போய்விடும். அங்கே, எங்களிடம் இருந்த பழைய பதிப்பில், மேல் மூலையில் வரிசையாக நின்ற சின்னப் படங்களுக்கு ஆல்ட் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் உண்டு. முதலாவது, சேமி. இரண்டாவது, கடைசியாகச் செய்ததை அழி.

கோயில் ஆண்டுக் கூட்ட அறிக்கையை மகள் மூன்று பக்கம் அடித்திருந்தாள். நடுவில் கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பியதில் எழுதிமென்பொருள் தூங்கிவிட்டது. அவள் கோப்பைத் திறந்து, ஒட்டுவதை ஒட்டி, வெட்டுவதை வெட்டி, திருத்தங்களை முடித்துக்கொண்டு புதுப் பத்தி அடிக்க ஆல்ட் இரண்டைத் தட்டினாள். தமிழ் வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. கோபத்தில் பத்துப் பன்னிரண்டு முறை தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அறிக்கை ஒரு படி பின்னால் போய்க்கொண்டிருந்தது. பொருளாளர் கணக்கு போயிற்று, கும்பாபிஷேக நன்கொடைப் பட்டியல் இடம்மாறிப் பழைய இடத்துக்கே வந்தது. அப்போதும் நிறுத்தியிருந்தால் 'மறுபடி செய்' என்று திருப்பியிருக்கலாம். தமிழ் வருகிறதா என்று பார்க்க அவள் ஒரே ஓர் எழுத்தை அடித்துப் பார்த்தாள். புதிதாக ஓர் எழுத்து விழுந்ததும் திரும்பிப் போகும் வழி அடைபட்டுப் போகும். அந்த எழுத்து ஆங்கில 'வி'. அறிக்கையின் கடைசியில் தனியாக நின்றது.

நான் செய்திருந்தால் ஆல்ட் ஒன்றைத் தட்டியிருப்பேன், அது பன்னிரண்டு முறையும் சேமித்திருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னேன். அன்று இரவு நான்தான் சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிட்டேன்.

தட்டச்சுப்பொறிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1907இல் இந்தப் பக்கம் கப்பலேறி வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, தமிழுக்கான தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடைக்க வேண்டிய கட்டாயம். அடித்தால் எழுத்து விழும், ஆனால் தாள் நகராது என்று சில விசைகளை அமைத்தார். நகரா விசை என்று அதற்குப் பெயர். புள்ளியும் மேல்விலங்கும் அப்படித்தான் எழுத்தின் தலையில் ஏறின. ஆனால் அந்தப் பொறியில் மொழி மாற்றும் விசை கிடையாது. ஆங்கிலம் அடிக்க வேண்டுமென்றால் எழுந்து இன்னொரு பொறிக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். எந்த மொழியில் இருக்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. நாற்காலி சொல்லிவிடும்.

பிறகு எழுத்துரு யுகம் வந்தது. ஈழத்திலிருந்து நண்பர்கள் பாமினி எழுத்துருவில் கோப்பு அனுப்புவார்கள். நம்மிடம் பாமினி இல்லையென்றால் 'அம்மா' என்ற சொல் திரையில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். பெற்ற தாயை அரைப்புள்ளியோடு பார்த்த தலைமுறை எங்களுடையது. ஒருங்குறி வந்து அந்தக் கூத்தை முடித்தது. தட்டும் இடத்தில் நடக்கும் கூத்தை அதனால் முடிக்க முடியவில்லை. தமிழ்99 ஆள் ஒருவர் ஆங்கிலம் இருப்பதை மறந்து 'தமிழ்' என்று அடித்தால் எல், கே, எஸ், ஒரு சாய்கோடு, எஃப் என்று வரும். ழகரத்துக்குக் கிடைத்த வீடு சாய்கோட்டு வீடு. 'நன்றி' அரைப்புள்ளியில் தொடங்கும். 'சம்பளம்' சதுர அடைப்புக்குறி ஒன்றைத் திறக்கும், கடைசிவரை மூடாது. எங்கள் ஆலைச் சம்பளமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் ஜுருக்காரனுக்கு மொழி தாவுவது ஒரு வேலையா? ஒட்டுக்கடையில் போய் நின்று, "அண்ணே, தே தாரிக் ஒண்ணு, கூராங் மானிஸ், ரொட்டி ரெண்டு தாப்பாவ், சீக்கிரம் பாஸ்" என்கிறோம். ஒரு மூச்சில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம். எந்த விசையையும் தட்டவில்லை. கடைக்காரரும் 'மொழியை முதலில் தேர்ந்தெடுக்கவும்' என்று நம்மை நிறுத்தவில்லை. நாக்குக்கு இருக்கிற இந்தச் சாமர்த்தியம் விரலுக்கு இல்லை. விரலுக்கு மொழியே தெரியாது, இடம்தான் தெரியும். என் சுண்டுவிரலைக் கேட்டால், மூலையில் ஒரு கண்ட்ரோல், அதற்கு மேலே நாலு வீடு, அதில் ஒன்றைத் தட்டினால் தப்பு அழியும் என்று சொல்லும். அந்த வீட்டுக்காரர் இசட்டா, ஔவா, எபிரேயச் சாயினா என்று அது விசாரிப்பதில்லை.

அந்த நாலு வீட்டைப் பற்றி எனக்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற மூன்றையும் 1970களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 2020இல் காலமானார். இசட், எக்ஸ், சி, வி என்ற நாலும் கீழ்வரிசையில் ஒட்டி ஒட்டி இருந்ததால்தான் அந்த வேலைகளுக்கு அமைந்தன. ஆங்கிலத்தில் சிக்கு மட்டும்தான் பெயர்ப்பொருத்தம். ஒட்டுவதற்கு ஏன் வி என்று கேட்டால் பக்கத்து வீடு என்பதைத் தவிர வேறு நல்ல பதில் இல்லை. ஆனால் தமிழ்99 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். ஏ இருக்குமிடத்தில் அ: அனைத்தையும் தேர்ந்தெடு. எஸ் இருக்குமிடத்தில் இ: இருத்திவை. சி இருக்குமிடத்தில் ஒ: ஒற்றி எடு. எக்ஸ் இருக்குமிடத்தில் ஓ: ஓட்டிவிடு. வி இருக்குமிடத்தில் வ: வை. ஐந்துக்கு ஐந்து பொருந்துகிறது! யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக விழுந்திருக்கிறது. எஃப் வீட்டில் புள்ளி. தேடு என்று சொன்னால் கணினி புள்ளி வைத்துத்தானே காட்ட வேண்டும்? கொஞ்சம் இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். அச்சடிக்க வேண்டிய பி வீட்டில் ண இருக்கிறது. அதில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று இலக்கணம் கைவிரித்துவிட்டது. எங்கள் அச்சுப்பொறியும் பெரும்பாலும் தொடங்குவதில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் இசட். அங்கே குடியிருப்பது ஔ. செய்த தப்பு உறைக்கிற கணத்தில் மனிதன் வாயிலிருந்து தானாக வரும் சத்தம். கண்ட்ரோல் ஔ! இதற்குமேல் பொருத்தமாக ஒரு குறுக்குவிசையை எந்த ஆய்வுக்கூடமும் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் பாஸ்டர் வீட்டில் உட்கார்ந்து சொல்லி முடிக்கும்போது மணி பதினொன்று. அவர் மனைவி இரண்டாவது முறை கொப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, பிரசங்கம் நாளைக்கு" என்றார். எனக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வேலைக்கு வந்தோம். அமைப்புகளுக்குள் போய், ஆல்ட் ஷிஃப்ட் சேர்ந்தால் மொழி மாறும் என்பதை எடுத்துவிட்டேன். பதிலாக மூன்று மொழிக்கும் தனித்தனி எண். கண்ட்ரோல் ஷிஃப்ட் ஒன்று ஆங்கிலம், இரண்டு தமிழ், மூன்று எபிரேயம். இப்படி வைத்துக்கொண்டால் 'இப்போது எதில் இருக்கிறேன்?' என்று யோசிக்கவே வேண்டாம். வேண்டிய எண்ணைத் தட்டினால் அங்கேதான் போவோம், ஏற்கெனவே அங்கே இருந்தாலும் நஷ்டமில்லை. வட்டமாகச் சுற்றுகிற பஸ்ஸில் ஏறுவதைவிட நேரே போகிற பஸ் மேல். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் மொழிகளின் பட்டியல் கண்ணுக்கு முன்னால் வரும் என்பதையும் காட்டிக்கொடுத்தேன். கண்ட்ரோல் சி உயிர் பெற்றது. பழைய விசைப்பலகையை மாட்டிப் பார்த்தோம், அதிலும் வேலை செய்தது. 35 வெள்ளியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கிளம்பும் நேரத்தில்தான் அடுத்த சோதனை. மகிழ்ச்சியில் பாஸ்டர் கண்ட்ரோல் ஷிஃப்ட் இரண்டை அழுத்தப் போனார். வலது பக்க ஷிஃப்ட்டைப் பிடித்தார். எண்ணைத் தட்டுவதற்குள் விரல் வழுக்கியது. தமிழ்ப் பத்தி முழுதும் ஓடிப்போய் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதோடு விடவில்லை. கடைசி வரியின் முற்றுப்புள்ளி அந்த வரியின் இடதுகோடிக்குத் தாவி, சொல்லுக்கு முன்னால் நின்றது.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் விளங்கியது. எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடுகிற மொழி. அதைக் கணினியில் சேர்த்ததுமே பத்தியின் திசையைத் திருப்பும் விசைகளும் விழித்துக்கொள்கின்றன. கண்ட்ரோலோடு வலது ஷிஃப்ட் என்றால் வலமிருந்து இடம். இடது ஷிஃப்ட் என்றால் இடமிருந்து வலம். தமிழ் எழுத்துகளுக்குத் தங்கள் திசை தெரியும், அவை குலையவில்லை. முற்றுப்புள்ளிக்கு என்று சொந்தத் திசை கிடையாது. பத்தி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதுவும் போய்விடும். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், பெயர் சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு உஸ்தாஸும் ஜாவி எழுத்தில் அடிக்கிறவர், அதுவும் வலமிருந்து இடம். அவர் போன வருடம் இதே கதையோடு என்னிடம் வந்திருக்கிறார். அப்போது எனக்கு விடை தெரியாமல் "கணினியை அணைத்துப் போடுங்கள் உஸ்தாஸ்" என்று அனுப்பிவைத்தேன். அவருக்கு இப்போது ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. இடது ஷிஃப்ட்டை அழுத்தினேன். பத்தி வீட்டுக்கு வந்தது, முற்றுப்புள்ளியும் பின்னாலேயே வந்தது.

பாஸ்டருக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன், அல்லது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எபிரேயத்தில் வணக்கம் சொல்ல ஷாலோம் என்பார்கள். எபிரேயம் இருப்பதாக நினைத்து ஆங்கிலத்திலேயே ஷாலோம் அடித்தால் திரையில் ஏ, கே, யு, ஓ என்று விழும். ஷீன் இருப்பது ஏ வீட்டில், லாமேட் கே வீட்டில், வௌ யு வீட்டில், கடைசி மேம் ஓ வீட்டில். "அப்போ வணக்கம்?" என்றார். நான் மேசையில் விரலால் தட்டிப் பார்த்துச் சொன்னேன்: வி, பி, எச், எச், கே, எஃப். இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். எங்கள் தாமானுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆரம்பித்தது காவல் சுற்றுக்கு. இப்போது அதில் வருவது முக்கால்வாசி, யார் வீட்டு கேட்டுக்குக் குறுக்கே யார் கார் என்ற விவகாரம். கார் நம்பரைப் போடுவார்கள், உரியவர் ஓடிப்போய் எடுப்பார். நான் கணினியிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்துவைத்துக் கோயில் அறிக்கையை மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் நன்றாகப் போனதுபோலிருக்கிறது. குழுவில் பாஸ்டரிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. ஏ, கே, யு, ஓ. அவ்வளவுதான். வேண்டுமென்றே அடித்தாரா, மூன்றைத் தட்ட மறந்தாரா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக, நானும் ஆங்கிலத்தை மாற்றாமலே, விரல் போன போக்கில் பதில் அடித்தேன். வி, பி, எச், எச், கே, எஃப்.

ஒரு நிமிடம் குழுவில் சத்தமில்லை. பிறகு மூலைவீட்டில் குடியிருக்கும் என் மைத்துனர் எழுதினார்:

"ஏ-ன்னா பேராக் காரு. வி-ன்னா கேஎல் காரு. ரெண்டும் யாரு வீட்டு முன்னால நிக்குது மச்சான்? நம்பரையும் சேர்த்துப் போடுங்க லா, நான் போய்ப் பாக்குறேன்."